தென்னார்க்காட்டுக் கொடையாளர்கள் – 9: தமிழ்ப் பாட்டுக்குச் சம்பளம் கொடுத்தவர்

சிதம்பரம் நடராசர் கோயிலின் கிழக்குக் கோபுரத்தில் பச்சையப்ப முதலியாரின் உருவச்சிலை இருப்பதைச் சென்ற இதழில் சொன்னோம். கோபுரத் திருப்பணிக்குக் கொடுத்தவருக்குக் கோபுரத்திலேயே இடம் கிடைத்தது. அந்த வாயிலைவிட்டு வெளியே வந்து, கீழவீதியைக் கடந்து, ரயில் பாதையையும் தாண்டிப் போனால் இன்னொரு கொடையாளரின் ஊர் வந்துவிடும். பல்கலைக்கழகம் அவர் பெயரில் இருக்கிறது. அதைச் சுற்றி எழுந்த பேரூராட்சியும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அண்ணாமலைநகர்.

ராஜா சர் அண்ணாமலை செட்டியாரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தோடு நிறுத்திவிடுவார்கள். பல்கலைக்கழகம் பெரிய காரியம்தான். அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் பணம் உள்ளவர்கள் கல்லூரி கட்டுவது உலகெங்கும் நடந்திருக்கிறது. பம்பாயில் டாட்டா கொடுத்தார், அமெரிக்காவில் ராக்ஃபெல்லர் கொடுத்தார். தமிழ்நாட்டில் வேறு யாரும் செய்யாத ஒன்றை அண்ணாமலை செட்டியார் செய்தார். தமிழ்ப் பாட்டு மேடையில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்ற கேள்வியைக் கையில் எடுத்து, அதற்குத் தம் பணத்தையும் பெயரையும் ஈடுவைத்தார். இந்த அத்தியாயம் பெரும்பாலும் அதைப் பற்றியது.

அதற்கு முன்னால் இந்த மண்ணைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருவாமூர். அப்பர் பிறந்த ஊர். கல்லில் கட்டிக் கடலில் போட்டபோது அவர் மிதந்து வந்து கரையேறியதாகச் சொல்லும் இடம் கடலூருக்கு அருகே இருக்கிறது. கரையேறவிட்டகுப்பம் என்றே அதற்குப் பெயர். கரையேறியவர் வணங்கிய கோயில் திருப்பாதிரிப்புலியூரில். சுந்தரர் பிறந்த திருநாவலூரும் பழைய தென்னார்க்காடு மாவட்டம்தான். கொள்ளிடத்தைத் தாண்டினால் சம்பந்தரின் சீர்காழி. தேவாரம் பாடிய மூவரும் ஒரு நாள் மாட்டுவண்டிப் பயணத்துக்குள், இரண்டு நாள் என்றே வைத்துக்கொள்வோம், அடங்கும் ஊர்களில் பிறந்தார்கள். அவர்கள் பாடிய ஏடுகள் செல்லரித்த நிலையில் தில்லைக் கோயில் அறை ஒன்றில் கிடைத்தன என்றும், ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் அவற்றை மீட்டார்கள் என்றும் மரபு சொல்கிறது. பிற்காலத்துக் கீர்த்தனைகளுக்கும் இதே வட்டாரம்தான். முத்துத்தாண்டவர் சீர்காழிக்காரர், பாடியதெல்லாம் தில்லைக் கூத்தனை. மாரிமுத்தாப் பிள்ளையின் ஊர் சிதம்பரத்தை ஒட்டிய தில்லைவிடங்கன். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் மாயவரம் பக்கத்து ஆனந்ததாண்டவபுரத்தில் இருந்துகொண்டு சிதம்பரத்தை நினைத்தே ஏங்கினார். தியாகராசர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி ஆகிய மூவருக்கும் முன்பே பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பில் தமிழில் கீர்த்தனை பாடியவர் முத்துத்தாண்டவர்.

இப்படிப்பட்ட வட்டாரத்தில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டு எங்கே இருந்தது? கடைசியில். தெலுங்கும் சமஸ்கிருதமும் மூன்று மணி நேரம் நடந்து, தனி ஆவர்த்தனம் முடிந்து, சனங்கள் செருப்பைத் தேட ஆரம்பித்த பிறகு வரும் துக்கடாக்களில் ஒன்றாக.

அண்ணாமலை செட்டியார் 1881 செப்டம்பர் 30ஆம் தேதி கானாடுகாத்தானில் பிறந்தவர். சிதம்பரம் அவருக்குச் சொந்த ஊர் அல்ல. நகரத்தார் குடும்பங்களுக்கும் தில்லைக்கும் உள்ள உறவு திருப்பணியால் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றை அவர்கள்தான் எடுத்துக் கட்டினார்கள். தில்லைக் கோயிலுக்கும் அவர்கள் செல்வம் நிறைய வந்தது. கோயிலுக்கு வந்த கையைப் பள்ளிக்கூடத்தின் பக்கம் திருப்பியவர் அண்ணாமலை செட்டியாரின் அண்ணன் திவான் பகதூர் இராமசாமி செட்டியார். 1906இல் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்து சென்னை மாகாணத்தில் எத்தனையோ குடும்பங்கள் தெருவுக்கு வந்தபோது, வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினாரே, அதற்குத் தோள் கொடுத்த நகரத்தார்களுள் அவரும் ஒருவர். சிதம்பரத்தில் அவர் பெயரில் நடக்கும் நகர மேல்நிலைப் பள்ளியில் படித்தவர்கள் இந்தத் தொடரின் வாசகர்களிலேயே பலர் இருப்பார்கள். 1918இல் அவர் காலமானார். அண்ணன் விட்ட இடத்தில் தம்பி தொடங்கினார்.

1920இல் ஸ்ரீ மீனாட்சி கல்லூரி. முதல்வராக வந்தவர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியார். காசிப் பல்கலைக்கழகத்தை விட்டு வந்த அவருக்கு அப்போது வயது முப்பதுக்குள்தான். பிற்காலத்தில் சோழர் வரலாற்றை முழுமையாக எழுதப்போகிறவர், சோழர்கள் முடிசூடிய தில்லையில் உட்கார்ந்து கல்லூரி நடத்தினார். தொடர்ந்து தமிழுக்கு ஒரு கல்லூரி, வடமொழிக்கு ஒரு கல்லூரி. 1924இல் தமிழ்க் கல்லூரிக்கு முதல்வராக அழைக்கப்பட்டவர் உ.வே. சாமிநாதையர்.

இந்த அழைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அப்போது ஐயருக்கு 69 வயது. மாநிலக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்று ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை, புறநானூறு எல்லாம் அவர் கையால் அச்சேறிவிட்டன. புகழுக்காக அவர் சிதம்பரம் வரவேண்டியதில்லை. ஆனால் இந்தக் கதைக்குத் தேவையான இன்னொரு செய்தி அவர் வாழ்க்கையில் இருக்கிறது. ஐயரின் தந்தை வேங்கடசுப்பையர் கனம் கிருஷ்ணையரிடம் இசை கற்றவர். பிள்ளைக்கும் இசைதான் வர வேண்டும் என்று ஆசைப்பட்டவர். மாயவரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கப் போன இளைஞர் சாமிநாதன், தந்தையின் விருப்பப்படி அங்கேயே இருந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசையும் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். இது பிள்ளையவர்களுக்குத் தெரியவந்தது. இசையில் மனம் போனால் இலக்கியத்தில் ஊன்றாது என்பது அவர் எண்ணம். சாமிநாதன் இசைப் பாடத்தை நிறுத்திவிட்டார். அந்த முடிவால் தமிழுக்குச் சங்க நூல்கள் கிடைத்தன. ஆனாலும் ஐயருக்கு அந்த ஆசை விட்டுப் போகவில்லை. முதுமையில் அவர் கோபாலகிருஷ்ண பாரதியார், கனம் கிருஷ்ணையர், மகாவைத்தியநாதையர் ஆகியோரின் வாழ்க்கையைத் தேடித் தேடி எழுதியதைப் படித்தால் அது தெரியும். நந்தனார் சரித்திரம் பாடியவரின் வாயிலிருந்தே பாட்டுக் கேட்ட மாணவர், நந்தன் நெருப்பில் இறங்கியதாகச் சொல்லும் ஊரில் தமிழ்க் கல்லூரிக்கு முதல்வர். மூன்றாண்டுகள் இருந்தார். ஆளைப் பார்த்து அழைப்பதில் செட்டியாருக்குத் தனிக் கண் இருந்தது என்பதற்கு எனக்கு இந்த ஒரு நியமனமே போதும்.

அடுத்தது பல்கலைக்கழகம். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் வந்தது. 1926இல் ஆந்திரர்கள் தங்களுக்கென ஒன்றைப் பெற்றுவிட்டார்கள். தமிழ்ப் பகுதியில் ஒன்று வேண்டும் என்ற பேச்சு நெடுநாள் பேச்சாகவே இருந்தது. மதுரை, திருச்சி என்று ஊர்களின் பெயர்கள் அடிபட்டன. செட்டியார் தம் கல்லூரிகளை அப்படியே ஒப்படைத்து, அதன்மேல் 20 லட்சம் ரூபாயும் தருவதாகச் சொன்னதும் பேச்சு முடிவுக்கு வந்தது. சட்டம் நிறைவேறி, 1929 ஜனவரி 1ஆம் தேதி அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது.

20 லட்சம் என்றால் எவ்வளவு? இன்றைக்குச் சிதம்பரம் நகருக்குள் அந்தப் பணத்துக்கு நல்ல மனை ஒன்று கிடைப்பது சந்தேகம். 1927இல் அரசாங்கம் நிர்ணயித்த மாற்று விகிதப்படி ஒரு பவுன் காசு 13 ரூபாய் 5 அணா 4 பை. அந்தக் கணக்கில் 20 லட்சம் ரூபாய் என்பது ஒன்றரை லட்சம் பவுன். எட்டுக் கிராம் என்ற நம் வீட்டுக் கணக்கில் வாசகரே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்நாளைய சென்னைப் பல்கலைக்கழகம் பெரும்பாலும் தேர்வு நடத்திப் பட்டம் கொடுப்பது. பாடம் நடப்பது ஆங்காங்கே இருக்கும் கல்லூரிகளில். அண்ணாமலைநகரில் அப்படி இல்லை. பல்கலைக்கழகமே பாடம் சொல்லும். மாணவர்களும் ஆசிரியர்களும் ஒரே வளாகத்தில் குடியிருப்பார்கள். சுற்றிலும் நெல் வயல். பக்கத்திலேயே தேவாரப் பாடல் பெற்ற திருவேட்களம். முதல் துணைவேந்தர் எஸ்.இ. அரங்கநாதன். பின்னால் 1935இல் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாரே துணைவேந்தராக வந்தார். அங்குள்ள பெரிய மண்டபத்துக்கு இன்றும் சாஸ்திரி ஹால் என்றுதான் பெயர். தமிழ்த் துறையின் முதல் பேராசிரியராக மட்டக்களப்பிலிருந்து சுவாமி விபுலாநந்தர் வந்தார். பழந்தமிழரின் யாழ் எப்படி இருந்திருக்கும் என்று கணிதமும் இசையும் இலக்கியமும் கொண்டு ஆராய்ந்து யாழ் நூல் எழுதிய துறவி. அவரோடும் அவருக்குப் பின்னும் நாவலர் சோமசுந்தர பாரதியார், பண்டிதமணி கதிரேசச் செட்டியார், ரா.பி. சேதுப்பிள்ளை, ஔவை துரைசாமிப் பிள்ளை என்று வரிசை நீள்கிறது. இத்தனை பேரும் ஒரு கிராமப்புற ரயில் நிலையத்தில் இறங்கி, குடும்பத்தோடு வந்து தங்கிப் பாடம் சொன்னார்கள் என்பதை இன்று நினைத்தாலும் வியப்பாகத்தான் இருக்கிறது.

பல்கலைக்கழகம் பிறந்த அதே 1929இல் சிதம்பரத்தில் செட்டியார் இசைக் கல்லூரியும் தொடங்கினார். பிறகு அது பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. இசையைக் குருகுலத்திலிருந்து வகுப்பறைக்குக் கொண்டுவரும் முயற்சி அப்போது நாடெங்கும் நடந்துகொண்டிருந்தது. லாகூரில் விஷ்ணு திகம்பர் 1901இலேயே தொடங்கியிருந்தார். லக்னோவில் பாத்கண்டே 1926இல். சென்னையில் மியூசிக் அகாடமி 1928இல் அமைந்தது. சிதம்பரத்தில் பாடம் சொல்ல வந்தவர்களைப் பாருங்கள்: மகாவைத்தியநாதையரின் சீடர் சபேசய்யர், தஞ்சை நால்வர் மரபில் வந்த பொன்னையா பிள்ளை, பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் கற்ற டைகர் வரதாச்சாரியார். 1932, 1933, 1934 ஆகிய மூன்று ஆண்டுகளின் அகாடமி மாநாடுகளுக்கு டைகரும் பொன்னையா பிள்ளையும் சபேசய்யரும் முறையே தலைமை தாங்கினார்கள். சென்னை தலைமை நாற்காலி கொடுத்து மரியாதை செய்த வித்துவான்களுக்குச் சிதம்பரம் மாதச் சம்பளம் கொடுத்தது.

மாதச் சம்பளம் என்பதை அழுத்தியே சொல்கிறேன். நம் ஊரில் கலைஞனை ஆதரிப்பது என்றால் சால்வை போர்த்துவது, தோடா போடுவது, கல்யாணக் கச்சேரிக்குக் கூப்பிட்டுத் தாம்பூலத்தில் பணம் வைப்பது. எல்லாம் அன்றைக்கு மட்டும் மணக்கும். அடுத்த மாதம் வீட்டு அரிசிக்கு வித்துவான் வேறொரு வாசலைத் தேட வேண்டும். சமஸ்தானங்கள் இருந்தவரை அந்தக் கவலை குறைவு. அவை நொடித்த பிறகு அந்த இடத்தை யார் நிரப்புவது? அரண்மனை வித்துவானைப் பல்கலைக்கழக ஆசிரியராக மாற்றியது செட்டியாரின் பெரிய காரியங்களில் ஒன்று. அதன் பலன் நாற்பது ஐம்பது ஆண்டுகள் மாணவர்கள் வழியாகத் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் வானொலி நிலையங்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

ஆனால் கல்லூரி வந்தும் மேடை மாறவில்லை. தமிழ்ப் பாட்டு துக்கடாவாகவே இருந்தது. 1941 ஆகஸ்டில் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாட்டைச் செட்டியார் கூட்டினார். தமிழ்நாட்டுக் கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்களுக்கு முதலிடம் வேண்டும், இசை கற்பிக்கும் இடங்களில் தமிழ்ப் பாடல்களைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், வானொலி நிலையங்கள் தமிழ்ப் பாடல்களுக்குக் கூடுதல் நேரம் தர வேண்டும் என்பவைதான் அங்கே எழுந்த கோரிக்கைகளின் சாரம். இன்று படித்தால் இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது என்று தோன்றும். அன்று பெரும் சண்டை மூண்டது.

மறுப்பவர்களின் வாதத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நாதத்துக்கு மொழி இல்லை. ராகத்தின் உச்சத்தைத் தொட்ட உருப்படிகள் தியாகராசரும் தீட்சிதரும் செய்தவை. மொழியைக் காரணம் காட்டி அவற்றைத் தள்ளினால் சங்கீதத்தின் தரம் இறங்கிவிடும் என்று அவர்கள் அஞ்சினார்கள். 1941 டிசம்பரில் மியூசிக் அகாடமி நிறைவேற்றிய தீர்மானத்தின் கருத்தும் இதுதான். அவர்களில் பலர் சங்கீதத்துக்காகவே வாழ்ந்தவர்கள். அவர்கள் அச்சம் பொய் அல்ல. ஆனால் தமிழிசைக்காரர்கள் தியாகராசரைத் தள்ளச் சொல்லவில்லை. பாட்டுக்காரருக்கும் பொருள் தெரியாமல், கேட்கிறவருக்கும் பொருள் தெரியாமல் நடக்கும் கச்சேரியில் பாதி இசை வீணாகிறது என்றார்கள். உருப்படி போதாது என்றால் தேடி எடுப்போம், மெட்டு மறந்துபோயிருந்தால் புதிதாக அமைப்போம் என்றார்கள். எனக்கு இந்தப் பக்கம்தான் நியாயம் இருப்பதாகத் தெரிகிறது.

இந்தப் பக்கம் நின்றவர்களின் பட்டியலைப் பார்த்தால் தமிழ்நாட்டு அரசியல் தெரிந்த எவருக்கும் திகைப்பாக இருக்கும். ராஜாஜி ஆதரித்தார். பெரியாரும் ஆதரித்தார். கல்கி வாராவாரம் பேனாவைத் தீட்டினார். அண்ணாதுரை மேடையிலும் ஏட்டிலும் வாதாடினார். ரசிகமணி டி.கே.சி., பாரதிதாசன், கோவை ஆர்.கே. சண்முகம் செட்டியார் எல்லோரும் ஒரே அணி. வேறு எந்தக் காரியத்துக்கும் ஒரே பந்தியில் உட்காராதவர்கள் இதற்கு உட்கார்ந்தார்கள். எம்.கே. தியாகராஜ பாகவதரும் எம்.எஸ். சுப்புலட்சுமியும் தண்டபாணி தேசிகரும் பாடிக் காட்டினார்கள். தேவகோட்டை, திருச்சி, மதுரை என்று ஊர் ஊராக மாநாடு நடந்தது.

இந்த நாட்களில் செட்டியாரின் சொந்த நிலைமையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அகாடமி தீர்மானம் போட்ட அதே 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. நகரத்தார் செல்வத்தின் பெரும்பகுதி பர்மாவில் இருந்தது. அது கண்முன்னே போய்க்கொண்டிருந்தது. 1942இல் சென்னை நகரமே பாதி காலியானது. அப்படிப்பட்ட நேரத்தில், 1943இல், சென்னையில் தமிழிசைச் சங்கம் தொடங்கப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே அகாடமிக்கு இணையாகத் தமிழிசை விழாவும் நடந்தது. இன்று டிசம்பர் சீசன் என்று சென்னையே கொண்டாடும் விழாக் காலத்தில் முழுக்கத் தமிழ்ப் பாட்டே ஒலிக்கும் மேடை அப்படித்தான் வந்தது. சங்கத்தின் இசைக் கல்லூரியும் அதைத் தொடர்ந்து எழுந்தது. சீர்காழி கோவிந்தராஜன் அங்கே படித்தவர்.

மாநாடும் விழாவும் செய்தித்தாளில் வந்தன. அதிகம் பேசப்படாத வேலை அண்ணாமலைநகரில் நடந்தது. பல்கலைக்கழகம் 1940களில் தமிழிசைப் பாடல்களைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டது. முத்துத்தாண்டவர் பாடியவற்றில் நமக்கு எஞ்சியவை 60 கீர்த்தனைகளும் 25 பதங்களும் என்பார்கள். சொல் எஞ்சியது, பலவற்றுக்கு மெட்டு எஞ்சவில்லை. வித்துவான்கள் உட்கார்ந்து அவற்றுக்கு ராகம் தாளம் அமைத்தார்கள். அந்தத் தொகுதிகளில் ஒன்றைத் திறந்து பாருங்கள். பாட்டின் தலையில் ராகமும் தாளமும். அதன்கீழ் ஒரு வரி ஸ்வரம், ஒரு வரி சாகித்யம். ச ரி க ம என்ற எழுத்துகளுக்கு மேலும் கீழும் ஸ்தாயிப் புள்ளிகள், இடையிடையே தாளக் கோடுகள். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகக் கையால் கோத்த காலத்தில் இப்படி ஒரு பக்கம் அச்சுக் கோக்க எவ்வளவு பொறுமை வேண்டும் என்று அச்சகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு புள்ளி இடம் மாறினால் பாட்டே மாறிவிடும். கேட்பதற்கு ஆள் உண்டா, விற்குமா என்ற கணக்கைப் பார்த்திருந்தால் எந்தப் பதிப்பாளரும் தொட்டிருக்க மாட்டார். தமிழில் உருப்படி இல்லை என்ற வாதத்துக்கு இந்தப் புத்தகங்களைவிடப் பெரிய பதில் வேறு இல்லை.

பின்னாளில் தண்டபாணி தேசிகரே அங்கு வந்து இசைத் துறையை நடத்தினார். 1942இல் வெளிவந்த நந்தனார் படத்தில் நந்தனாராக நடித்து ஊர் ஊராக அறியப்பட்டவர். ஓதுவார் மரபில் வந்தவர். தேவாரமும் தெரியும், கீர்த்தனையும் தெரியும். பாரதிதாசன் பாட்டு ஒன்றுக்குத் தேஷ் ராகத்தில் அவர் போட்ட மெட்டைத்தான் இன்றும் எல்லோரும் பாடுகிறோம். தில்லைக்கு இவரைவிடப் பொருத்தமான ஆசிரியர் கிடைத்திருக்க முடியாது.

செட்டியார் 1948 ஜூன் 15ஆம் தேதி காலமானார். மகன் முத்தையா செட்டியார் பல்கலைக்கழகத்தையும் தமிழிசைச் சங்கத்தையும் விட்டுவிடாமல் நடத்தினார். 1949 முதல் சங்கம் ஆண்டுதோறும் பண் ஆராய்ச்சி நடத்தியது. ஓதுவார்கள் ஒரு பண்ணைப் பாடிக் காட்ட, வித்துவான்களும் புலவர்களும் சுற்றி உட்கார்ந்து அது எந்த ராகத்தோடு ஒத்து வருகிறது என்று வாதிடுவார்கள். 1952இல் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு அருகே ராஜா அண்ணாமலை மன்றம் திறக்கப்பட்டது.

இனி, வரவு மட்டும் எழுதிவிட்டுச் செலவை விடுவது வரலாறு ஆகாது. 1923இல் சர் பட்டம், 1929இல் பரம்பரை ராஜா பட்டம். நாடு விடுதலைக்குப் போராடிய ஆண்டுகளில் செட்டியார் ஆங்கில அரசோடு இணக்கமாக இருந்தவர். அதை மறைக்க வேண்டியதில்லை. பணம் வந்த வழியும் கடினமானது. கீழ்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார் சமூகத்தார் கையில் இருந்த சாகுபடி நிலம் நூற்றுக்கு 6 பங்கு. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் கட்ட முடியாத பர்மிய உழவர்களின் நிலம் கைமாறியதில், 1937 வாக்கில் அது 25 பங்கு ஆனது. நகரத்தார் நிலத்துக்கு ஆசைப்பட்டு வாங்கவில்லை, கடனுக்கு ஈடாகத்தான் வந்தது என்பது உண்மை. நிலத்தை இழந்தவனுக்கு அந்த வேறுபாடு ஆறுதல் தந்திருக்காது என்பதும் உண்மை. ஐராவதி ஆற்றுப் படுகையின் நெல்லும் நம் தமிழ் ஆராய்ச்சிக்குச் சோறு போட்டிருக்கிறது என்பதைத் தமிழர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

கொடுத்தவர் நினைத்தபடியே எல்லாம் நடப்பதும் இல்லை. ராஜ விசுவாசியின் பல்கலைக்கழகத்தில் நெடுஞ்செழியனும் அன்பழகனும் படித்துத் திராவிட இயக்கத்தின் பேச்சாளர்களாக வெளியே வந்தார்கள். பாடம் சொன்னவர்களின் தமிழ் அவர்கள் நாவில் அரசியலாயிற்று. 1965 மொழிப்போரில் அந்த வளாகத்து மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள்; துப்பாக்கிச் சூட்டில் மாணவர் ராஜேந்திரன் உயிரை இழந்தார். 2013இல் நிதி நெருக்கடியின் முடிவில் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் கொண்டுவந்து பல்கலைக்கழகத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. முத்தையா செட்டியார் பெயரில் இருந்த மருத்துவக் கல்லூரி இப்போது கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி. குடும்பத்தின் கையிலிருந்து போய்விட்டதே என்று வருந்துகிறவர்கள் உண்டு. கொடை என்று கொடுத்துவிட்ட பிறகு அது ஊர்ச் சொத்துதான் என்பது என் கருத்து. பார்க்க வேண்டியது, ஊர் அதைச் சரியாக வைத்திருக்கிறதா என்பதை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழிசை மாநாடு நடந்த இடத்திலிருந்து கோயில் எட்டும் தூரம். அந்தக் கோயிலின் சிற்றம்பல மேடையில் தேவாரம் பாடுவதற்கு ஓதுவார் ஆறுமுகசாமி ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. 2008இல் அரசாணை வந்து, காவல் துறைப் பாதுகாப்போடு அவர் பாடினார். மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்ட செட்டியாரின் கேள்வி 67 ஆண்டுகளுக்குப் பிறகும் அதே ஊரில் உயிரோடு இருந்தது.

கச்சேரிகளில் இன்று தமிழ்ப் பாட்டு நடுவிலும் வருகிறது, முதன்மை உருப்படியாகவும் வருகிறது. முத்துத்தாண்டவரையும் கோபாலகிருஷ்ண பாரதியையும் பாடாத வித்துவான் அரிது. பாபநாசம் சிவன் முதலியோரின் படைப்பு வளத்துக்கு இதில் பெரும் பங்கு உண்டு. ஆனாலும் 1941இல் ஒரு செல்வர் மனம் வைத்து அடம் பிடிக்காமல் இருந்திருந்தால் இவ்வளவு விரைவில் இது நடந்திருக்காது. தமிழகத்துக் கொடையாளர் வரிசையில் கலைக்கு நிலையான வீடு கட்டித் தந்தவர் என்று ஒருவரைச் சொல்லச் சொன்னால் நான் அண்ணாமலை செட்டியாரைத்தான் சொல்வேன்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடலூர், சிதம்பரம், விருத்தாசலம், சீர்காழிப் பக்கம் பழைய இசை ஆசிரியர்கள், ஓதுவார்கள், நாகசுர வித்துவான்கள் குடும்பங்களில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் அந்தப் பழைய தமிழிசைத் தொகுதிகள் பரணில் கிடக்கக்கூடும். ஓரத்தில் பென்சிலால் ஆசிரியர் எழுதிய குறிப்புகளோடு இருந்தால் இன்னும் அருமை. தாள் பொடிந்திருக்கிறது என்று பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உள்ள நூலகத்திலோ இசைப் பள்ளியிலோ கொண்டுபோய்க் கொடுங்கள். கைப்பேசியில் படம் எடுத்தாவது பாட விரும்பும் பிள்ளைகளுக்கு அனுப்புங்கள்.

அடுத்த இதழில் சிதம்பரத்தின் இன்னொரு கல்விக்கூடம். கையில் காசில்லாமல், 1916இல் நந்தனார் பெயரால் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய சுவாமி சகஜானந்தர்.